பருத்திக் காட்டிலிருந்து ஆகாயத்துக்கு!

1920-ம் ஆண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரம்.

அங்கே ஆண்கள் முடி வெட்டிக்கொள்ளும் சலூன் ஒன்று. அதில் கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் வேலை பார்த்தாள். முடி வெட்ட வருகிற ஆண்களின் நகங்களைத் திருத்தி மெருகு போடுவது அவள் வேலை.

அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆசை பிறந்தது. ஆகாய விமானம் ஓட்டவேண்டும் என்ற ஆசை!

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் விமானப் பள்ளிக்கூடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லாப் பள்ளிக்கூடங்களும் முடியாது என்று கையை விரித்துவிட்டன. அவள் கறுப்பு இனம் என்பது ஒரு காரணம். பெண் என்பது இன்னொரு காரணம்.

ஆனால் அடுத்த ஆண்டே அவள் கையில் விமானி லைசென்சு இருந்தது. அதை வாங்குவதற்கு அவள் அட்லாண்டிக் சமுத்திரத்தையே தாண்டவேண்டி இருந்தது!

அவள்தான் பெஸ்ஸி கோல்மன்.

வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பம்

பெஸ்ஸி பிறந்தது 1892-ம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ந் தேதி. ஊர், டெக்சாஸ் மாகாணத்தில் உள்ள அட்லாண்டா. (இதைவிடப் பெரிய அட்லாண்டா ஒன்று ஜார்ஜியா மாகாணத்தில் இருக்கிறது. இது சின்ன ஊர்.) பெஸ்ஸிக்கு இரண்டு வயது ஆனபோது, குடும்பம் வாக்சஹாச்சி என்ற ஊருக்குக் குடியேறியது.

தகப்பனார் பெயர் ஜார்ஜ். தாயார் சூசன். வெள்ளைக்காரர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டுப் பிழைத்தார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பஞ்சம் இல்லை. பெஸ்ஸி பத்தாவது குழந்தை!

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது சுமார் 30 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடிமைத்தனம் போனது, ஆனால் ஒதுக்கிவைக்கும் வழக்கம் போகவில்லை. ரெயிலில் கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி. பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். ஓட்டுப் போடப் போனால் ஆயிரம் தடை.

ஜார்ஜின் முன்னோர்களில் செவ்விந்தியர்களும் உண்டு. அவருக்கு டெக்சாசில் இருக்கப் பிடிக்கவில்லை. செவ்விந்தியர்கள் வாழும் ஒக்லஹோமா பகுதிக்குப் போய்விடுவோம், அங்கே கொஞ்சம் மரியாதையாக வாழலாம் என்று மனைவியை அழைத்தார். சூசன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1901-ம் ஆண்டு ஜார்ஜ் தனியாகவே புறப்பட்டுப் போனார்.

பெஸ்ஸிக்கு அப்போது வயது ஒன்பது.

தாயார் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். மூத்த பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெஸ்ஸியின் தலையில் விழுந்தது.

தராசில் ஒரு கால்!

கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நாலு மைல் தூரத்தில் இருந்தது. ஒரே அறை. எல்லா வகுப்பும் அதிலேதான். பெஸ்ஸி நடந்தே போய்ப் படித்தாள்.

பருத்தி வெடித்துவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் காட்டுக்குப் போய்ப் பருத்தி எடுக்கவேண்டும்.

பெஸ்ஸிக்குக் கணக்கு நன்றாக வரும். எடுத்த பருத்திக்கு எவ்வளவு கூலி என்று குடும்பத்துக்குக் கணக்குப் பார்ப்பவள் அவள்தான். மேஸ்திரி ஏமாற்றினால் அவளுக்குத் தெரிந்துவிடும். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பும்போது, இவள் தராசின்மேல் மெல்ல ஒரு காலை வைத்து அழுத்திவிடுவாள் என்றும் ஒரு கதை உண்டு! சின்னப் பெண், வேறு என்ன செய்வாள்?

தாயார் சூசனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் புத்தகத்தின் அருமை தெரியும். புத்தக வண்டி ஊருக்கு வந்தால், வாடகைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பார். இரவில் பெஸ்ஸி பைபிளை உரக்கப் படிப்பாள். தாயும் தங்கைகளும் கேட்டுக்கொண்டு இருப்பார்கள்.

அந்தத் தாயார் இன்னொன்றும் செய்தார். பெஸ்ஸி துணி வெளுத்துச் சம்பாதித்த பணத்தை அவளே வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். வீட்டில் அவ்வளவு கஷ்டம் இருந்தும், மகளின் படிப்புக்கு என்று அந்தப் பணத்தைத் தொடவில்லை.

அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டு 1910-ம் ஆண்டு பெஸ்ஸி, ஒக்லஹோமாவில் லாங்ஸ்டன் என்ற ஊரில் இருந்த கறுப்பர் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு பருவம் முடிந்தது. பணமும் முடிந்தது! ஊருக்குத் திரும்பி, மறுபடியும் துணி வெளுக்கத் தொடங்கினாள்.

எந்த வேலை கிடைக்கும்?

1915-ம் ஆண்டு பெஸ்ஸி சிக்காகோவுக்கு ரெயில் ஏறினார். அண்ணன் வால்டர் அங்கே இருந்தார். ரெயிலில் படுக்கை வசதி உள்ள பெட்டிகளில் பணியாளாக வேலை பார்த்தார். பெஸ்ஸிக்கு 23 வயது ஆகிவிட்டது. இனி அவர் என்று எழுதுவதே முறை.

சிக்காகோ பெரிய நகரம். தொழிற்சாலைகளும் கடைகளும் ஆபீசுகளும் நிறைந்த ஊர். ஆனால் ஒரு கறுப்புப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? சமையல் வேலை, வீட்டு வேலை, சலவை வேலை. பெரும்பாலும் இவ்வளவுதான். கடையில் சாமான் விற்கும் வேலை, டைப் அடிக்கும் வேலை எல்லாம் வெள்ளைப் பெண்களுக்கு. எஞ்சினைத் தொடும் வேலைகள் ஆண்களுக்கு.

பெஸ்ஸிக்கு மறுபடியும் பிறர் துணியைத் துவைக்க இஷ்டம் இல்லை. நகம் திருத்தும் தொழிலைக் கற்றுக்கொண்டு, சலூனில் சேர்ந்தார்.

அது முதல் உலகப் போர் நடந்த காலம். வால்டரும் இன்னொரு அண்ணன் ஜானும் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய்த் திரும்பினார்கள். நாட்டுக்காகப் போர் செய்து திரும்பியவர்களுக்கு நல்ல வரவேற்பா கிடைத்தது? 1919-ம் ஆண்டு ஜூலை மாதம் சிக்காகோவில் பெரிய இனக் கலவரம் வெடித்தது. 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள்.

ஜான் குறும்புக்காரர். ஒருநாள் சலூனுக்கு வந்து தங்கையைச் சீண்டினார். பிரெஞ்சுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், உங்களால் அது முடியுமா என்று கேலி செய்தார்.

அண்ணன் விளையாட்டாகச் சொன்னதைத் தங்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விமானம் ஓட்டுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

வழி காட்டிய பத்திரிகைக்காரர்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் கதவைச் சாத்தியதை முதலிலேயே சொன்னோம். பெஸ்ஸி நேரே ராபர்ட் அபட் என்பவரிடம் போனார். அபட், சிக்காகோ டிபண்டர் என்ற கறுப்பர் பத்திரிகையின் அதிபர். சலூனுக்கு வந்து போகும் பெரிய மனிதர்களில் அவரும் ஒருவர்.

அபட் நல்ல யோசனை சொன்னார். பிரான்சில் நிறம் பார்க்கமாட்டார்கள், முதலில் பிரெஞ்சு மொழியைப் படி, பணம் சேர்த்துக்கொண்டு அங்கே போ என்றார்.

பெஸ்ஸி பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார். பணம் சேர்த்தார். அபட்டும் வேறு சிலரும் உதவினார்கள். 1920-ம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க்கில் கப்பல் ஏறினார்.

பிரான்சிலும் உடனே கதவு திறந்துவிடவில்லை. பாரீசில் போய்க் கேட்ட இடத்தில், பயிற்சியில் பெண்கள் இறந்துபோனதைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். நிறத்தைப் பார்க்காத ஊரிலும் பெண் என்பதைப் பார்த்தார்கள்!

கடைசியில் சோம் நதி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள லெ குரோத்வா என்ற ஊரில் இடம் கிடைத்தது. கோத்ரோன் சகோதரர்கள் என்ற விமானத் தொழில் அதிபர்கள் நடத்திய பள்ளிக்கூடம் அது.

துணியும் மரமும் கம்பியும்

அந்தக் காலத்து விமானம் எப்படி இருக்கும் தெரியுமா?

இப்போது நாம் பார்க்கும் விமானம் போன்றது அல்ல. மரச் சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். இரண்டையும் பிணைக்கக் கம்பிகள். மேலே கூரை கிடையாது. மழையும் காற்றும் முகத்தில் அடிக்கும். ஆசிரியர் ஓர் இருக்கை, மாணவர் ஓர் இருக்கை. எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆசிரியர் பிடியை எப்படி அசைக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் கற்கவேண்டும். நிறுத்துவதற்குப் பிரேக்கும் கிடையாது. தரையில் இறங்கியதும், வால் பகுதியில் உள்ள கட்டை தரையில் உராய்ந்து வேகத்தைக் குறைக்கும்.

ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் இறக்கை, சட்டம், கம்பி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கம்பி தளர்ந்திருந்தாலும் உயிர் போய்விடும். உடன் படித்த ஒரு மாணவர் விமானம் விழுந்து இறந்ததைப் பெஸ்ஸி கண்ணால் பார்த்தார். மனம் நடுங்கியது. ஆனால் படிப்பை விடவில்லை.

குட்டிக்கரணம் போடவும், எட்டுப் போல் வளைந்து பறக்கவும், எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கவும் கற்றார். 1921-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி சர்வதேச விமானச் சங்கத்தின் லைசென்சு அவர் கைக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்புப் பெண்களில் விமானி லைசென்சு பெற்ற முதல் பெண் அவர்தான். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வெள்ளை அமெரிக்கப் பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட் இதே லைசென்சைப் பெற்றது 1923-ம் ஆண்டில்தான்.

லைசென்சு உண்டு, வேலை இல்லை!

செப்டம்பர் மாதம் பெஸ்ஸி நியூயார்க் திரும்பினார். பத்திரிகை நிருபர்கள் ஓடி வந்து பேட்டி எடுத்தார்கள். புகழ் கிடைத்தது. ஆனால் வேலை?

பெரிய விமானக் கம்பெனிகள் அப்போது தோன்றவில்லை. தபால் விமானங்கள் பறந்துகொண்டு இருந்தன. அந்த வேலைக்குக் கறுப்புப் பெண்ணை யார் எடுப்பார்கள்? மிஞ்சியது ஒன்றுதான். ஊர் ஊராகப் போய், மைதானத்தில் கூட்டம் கூட்டி, ஆகாயத்தில் வித்தை காட்டிப் பிழைப்பது. சர்க்கஸ் பிழைப்புதான், கூடாரம் மட்டும் இல்லை.

அந்த வித்தைகளுக்கு மேல்பயிற்சி வேண்டும். லைசென்சு பெற்ற பிறகும் சிக்காகோவில் அவருக்குக் கற்றுக் கொடுக்க யாரும் முன்வரவில்லை! 1922-ம் ஆண்டு மறுபடியும் கப்பல் ஏறினார். பிரான்சில் பயிற்சி பெற்றார். ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார். விமானம் கட்டும் நிபுணர் போக்கரையும் சந்தித்தார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி நியூயார்க் அருகே அவருடைய முதல் விமானக் காட்சி நடந்தது. போரில் பங்குகொண்ட 369-வது கறுப்பர் படையைக் கௌரவிக்க நடந்த விழா அது. அடுத்த மாதம் சிக்காகோவில் பறந்தார். தாயாரும் தங்கைகளும் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

பெஸ்ஸிக்குப் பணத்தில் ஆசை இல்லை என்று சொல்லமுடியாது. பணம் வேண்டும். எதற்கு? ஒரு விமானப் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு! தன் இனத்துப் பிள்ளைகள் விமானம் ஓட்டக் கற்கக் கடல் தாண்டிப் போகக்கூடாது. இங்கேயே கற்கவேண்டும். அவர் எங்கே பேசினாலும் இதைத்தான் பேசினார்.

குணத்தில் கொஞ்சம் முரடு. அவருடைய காட்சிகளுக்கு ஏற்பாடு செய்யும் மானேஜர்கள் பலர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு விலகியது உண்டு. வயதையும் குறைத்துத்தான் சொல்லுவார்!

ஒரு சினிமாக் கம்பெனி அவரைக் கதாநாயகியாக நடிக்க அழைத்தது. ஒப்புக்கொண்டார். முதல் காட்சியில் கந்தல் உடுத்து, கையில் தடி பிடித்து, முதுகில் மூட்டையோடு வரவேண்டும் என்றார்கள். கறுப்பர்கள் என்றாலே இப்படித்தானா என்று கோபித்துக்கொண்டு வெளியேறினார். அந்தப் படம் வந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கிடைத்திருக்கும். அவருக்கும் அது தெரியும்.

எலும்பு முறிந்தது

1923-ம் ஆண்டு ஒரு பழைய பட்டாள விமானத்தைச் சொந்தமாக வாங்கினார். பிப்ரவரி மாதம் கலிபோர்னியாவில் அந்த விமானத்தில் கிளம்பினார். கொஞ்ச உயரம் போனதும் எஞ்சின் நின்றுவிட்டது. விமானம் தரையில் மோதி நொறுங்கியது. பெஸ்ஸிக்குக் கால் முறிந்தது. விலா எலும்புகளும் முறிந்தன. பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

சேர்த்த பணம் போயிற்று. விமானமும் போயிற்று. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தலை தூக்க முடியவில்லை.

1925-ம் ஆண்டு சொந்த மாகாணமான டெக்சாசுக்கு வந்தார். ஜூன் மாதம் 19-ந் தேதி ஹூஸ்டன் நகரில் பறந்தார். அந்தத் தேதிக்கு ஒரு விசேஷம் உண்டு. டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி வந்த நாள் அது.

பிறகு, தான் வளர்ந்த வாக்சஹாச்சியில் காட்சி நடத்த ஏற்பாடு ஆயிற்று. மைதானத்துக்கு வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வாசல் வைத்தால்தான் பறப்பேன் என்று பெஸ்ஸி சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஒரே வாசல் வழியாக எல்லோரும் நுழைந்தார்கள். ஆனால் உள்ளே போனதும் உட்காரும் இடத்தைப் பிரித்துவிட்டார்கள்! அதை அவரால் மாற்ற முடியவில்லை. பறந்தார்.

காட்சி இல்லாத நாட்களில் மாதா கோவில்களிலும் தியேட்டர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பேசினார். தான் பறந்த படங்களைத் திரையில் காட்டினார். புளோரிடாவில் ஒரு பாதிரியார் வீட்டில் தங்கி, பெண்களுக்கு அழகு நிலையம் ஒன்று தொடங்கினார். உலகம் சுற்றிய விமானி, விமானம் வாங்கப் பணம் சேர்க்க மறுபடியும் சலூன் தொழிலுக்கே வந்தார்.

ஒரு ஸ்பானர்

டல்லாஸ் நகரில் ஒரு பழைய விமானத்துக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தார். மீதிப் பணத்துக்கு ஒரு பணக்காரர் உதவினார். 1926-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் வில்லியம் வில்ஸ் என்ற வெள்ளைக்கார மெக்கானிக் அந்த விமானத்தைப் புளோரிடாவில் உள்ள ஜாக்சன்வில் நகருக்கு ஓட்டி வந்தார். எஞ்சின் மோசம். வரும் வழியிலேயே கோளாறு ஏற்பட்டு நடுவில் இறங்க நேர்ந்தது.

மே மாதம் 1-ந் தேதி காட்சி. அதற்கு முந்திய நாள் காலையில் ஒத்திகை. வில்ஸ் விமானத்தை ஓட்டினார். பெஸ்ஸி பின் இருக்கையில் இருந்தார். மறுநாள் பாராசூட்டில் குதிப்பதற்கு நல்ல இடம் எது என்று எட்டிப் பார்க்கவேண்டும். அதனால் இடுப்பு வாரைப் போட்டுக்கொள்ளவில்லை.

திடீரென்று விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. சுழன்றது. கவிழ்ந்தது. பெஸ்ஸி வெளியே வீசப்பட்டார். அங்கேயே உயிர் போய்விட்டது. விமானம் சற்றுத் தூரத்தில் போய் விழுந்தது. வில்ஸும் பிழைக்கவில்லை.

எரிந்த விமானத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். யாரோ மறந்து வைத்த ஒரு ஸ்பானர் உருண்டுபோய், விமானத்தைத் திருப்பும் பல் சக்கரங்களுக்குள் சிக்கிக்கொண்டு இருந்தது!

பெஸ்ஸிக்கு அப்போது வயது 34. பள்ளிக்கூடம் தொடங்கவில்லை.

உடல் சிக்காகோ வந்து சேர்ந்தது. சுமார் 10 ஆயிரம் பேர் அஞ்சலி செலுத்தினார்கள். கறுப்பர் உரிமைக்குப் போராடிய அம்மையார் ஐடா வெல்ஸ் இறுதிச் சடங்கை முன்னின்று நடத்தினார். அவரும் தம் இளவயதில் வேலையை இழந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் கேவலமாக இருக்கின்றன என்று எழுதியதற்காக 1891-ல் வேலையிலிருந்து விலக்கப்பட்டவர்.

பிறகு நடந்தது

1929-ம் ஆண்டு வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெஸ்ஸி கோல்மன் பெயரால் விமான சங்கம் தொடங்கினார். கறுப்பர்கள் ஆணும் பெண்ணும் அங்கே விமானம் ஓட்டக் கற்றார்கள். 1931-ம் ஆண்டில் சிக்காகோவின் கறுப்பு விமானிகள் அவர் சமாதிக்கு மேலே தாழ்வாகப் பறந்து பூக்களைப் போட்டார்கள்.

ஆனால் விமானம் ஓட்டக் கற்பது வேறு, விமானி வேலை கிடைப்பது வேறு. பெரிய கம்பெனிகள் தோன்றின. அவற்றில் விமானிகள் வெள்ளை ஆண்களாகவே இருந்தார்கள்.

1957-ம் ஆண்டு மார்லன் கிரீன் என்ற கறுப்பர் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார். விமானப் படையில் இருந்தவர், நல்ல அனுபவசாலி. விண்ணப்பத் தாளில் இனம் என்ற இடத்தைக் காலியாக விட்டார், போட்டோவும் ஒட்டவில்லை. பரீட்சைக்கு அழைத்தார்கள். ஆளைப் பார்த்த பிறகு வேலை தரவில்லை. அவரைவிடக் குறைந்த அனுபவம் உள்ள வெள்ளையர்களுக்குக் கிடைத்தது. அவர் விடவில்லை, வழக்கை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டுபோனார்கள். 1963-ம் ஆண்டு தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 1965-ல்தான் வேலையில் சேர்ந்தார்.

கறுப்புப் பெண்கள் இன்னும் 13 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1978-ம் ஆண்டு ஜில் பிரவுன் என்ற பெண்ணை டெக்சாஸ் இண்டர்நேஷனல் என்ற கம்பெனி விமானியாக எடுத்தது. அமெரிக்காவின் பெரிய பயணி விமானக் கம்பெனி ஒன்றில் சேர்ந்த முதல் கறுப்புப் பெண் விமானி அவர்தான். கம்பெனியின் தலைமை ஆபீசு, பெஸ்ஸி 1925-ல் பறந்து காட்டிய அதே ஹூஸ்டன் நகரில் இருந்தது.